ஓடந்தாங்கல் வரவேற்புரை

பத்தரை மணி, முந்நூறு நாற்காலி, அஞ்சலாட்சி. இந்த மூன்றில் முதல் இரண்டும் என் ஏற்பாடு. குறையில்லாமல் நடந்தன. மூன்றாவது ஆள்தான் சார் எங்கள் ஊரைக் கெடுத்தது.

உட்காருங்கள். ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இதே பஸ்ஸில் போளூர் போகிறேன். அங்கே என் மைத்துனி வீடு. என் மனைவி கோமளம் அங்கேதான் இருக்கிறாள். சண்டையெல்லாம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் சண்டை என்று நினைத்தமாதிரி தெரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டது கிடையாது. அவளால் சத்தம் போடவும் முடியாது. இளைப்பு.

என் பெயர் வேதகிரி. தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய அதிகாரிக்கு முன்னால் வெள்ளை உடுப்பும் சிவப்பு டவாலியும் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்து வருவாரே, பார்த்திருப்பீர்கள். அதிகாரியைப் பார்ப்பீர்கள், அவரை எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்? பரவாயில்லை. எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் நடந்தேன். ஒருவர்கூட என்னைக் கடிந்துகொண்டதில்லை. எந்த மனுவை எந்த நேரத்தில் நீட்டினால் கையெழுத்து விழும், எந்த நேரத்தில் நீட்டினால் மூலையில் போய் விழும் என்று எனக்குத் தெரியும். அதிகாரி மனசு குளிர வேண்டும். குளிர்ந்துவிட்டால் நீங்கள் கேட்கக்கூட வேண்டாம். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் ஊர் ஓடந்தாங்கல். நகராட்சி எல்லையில் கடைசி வார்டு. ஒரு பக்கம் சுடுகாடு, ஒரு பக்கம் குப்பைமேடு, நடுவில் தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. அதை ஒட்டி மேய்க்கால் புறம்போக்கு, அரசாங்கத்து நிலம். மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் ஓய்வு பெற்றதும் அந்த ஊரில்தான் மனை வாங்கி வீடு கட்டினேன். விலை மலிவாக இருந்தது. ஏன் மலிவு என்று காற்று அடித்தபோது தெரிந்தது. குப்பைமேட்டில் வாரத்துக்கு ஒருமுறை தீப்பிடிக்கும். பிடித்தால் கோமளம் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள் அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தப் புகையே இவங்களுக்கு அதிகம். இதுக்குமேல புகை வந்தா ஊரை மாத்திடுங்க."

இதுக்குமேல வராது என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் பேப்பரில் அறிவிப்பு வந்தது. நகரத்துக் குப்பையையெல்லாம் எரித்துக் கரண்ட் எடுக்கும் உலை. இடம், எங்கள் மேய்க்கால். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், ஆட்சேபம் இருந்தால் நேரில் சொல்லலாம்.

முதலில் அந்த உலை நந்தவனம் நகருக்குப் பின்னால் வருவதாக இருந்தது. நந்தவனம் நகர் என்றால் டாக்டர், வக்கீல், பேராசிரியர்கள் இருக்கிற பகுதி. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கேட். அவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று கூச்சல் போட்டார்களாம், மேஜையைத் தட்டினார்களாம், யாரையும் பேசவே விடவில்லையாம். படித்தவர்கள் அப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எப்படியோ இடம் மாறி எங்களிடம் வந்தது.

நான் அப்போது குடியிருப்போர் நலச் சங்கத்துத் தலைவர். உடனே கூட்டம் போட்டேன். சங்கத்தின் செயலாளர் கஜபதி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், முன்கோபி. "அண்ணே, ஊரையே கூட்டினு போவோம். ஆளாளுக்கு மைக்கப் புடிச்சி வேணாம்னு சொல்வோம்" என்றான். நான் சொன்னேன்: "கஜபதி, ஆளுக்கொரு வாய் திறந்தால் அது சந்தை. ஒரு ஊர், ஒரு குரல். தலைவர் பேசுவார். மற்றவர்கள் கட்டுப்பாடாக உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்தே அதிகாரி பாதி நம் பக்கம் வந்துவிடுவார்." எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினேன். மைக் பக்கம் போகமாட்டோம் என்று. எருமைக்கார அஞ்சலாட்சி மட்டும் வரவில்லை. பால் கறக்கிற நேரம் என்றாள். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

உலை கட்டுகிற கம்பெனி சார்பாக ஒரு தம்பி வந்தான். பெயர் நிர்மல். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஐயா, உங்க சர்வீஸ் பத்தி ஆபீஸ்ல சொன்னாங்க. கூட்டம் மரியாதையா நடக்கணும்னா நீங்க இருந்தாதான் முடியும்" என்றான். கோமளம் காபி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தான். இந்தக் காலத்தில் யார் சார் செய்கிறார்கள்?

கூட்டத்தை என்றைக்கு வைக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டான். கஜபதி ஞாயிற்றுக்கிழமை கேட்கச் சொல்லியிருந்தான். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் தினக்கூலி. ஆனால் அதிகாரிகளுக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த ஒருநாள். அதில் போய் அவர்களை இழுத்தால் முகம் கடுகடுவென்று இருக்கும். அதனால் புதன்கிழமை, பத்தரை மணி என்று நான் சொன்னேன். எமகண்டம், ராகுகாலம் இரண்டும் இல்லாத நேரம். மண்டபம் நந்தவனம் நகரில். ஏசி மண்டபம். நாற்காலி எத்தனை போடலாம் என்றான். முந்நூறு என்றேன். எங்கள் ஆட்கள் நாற்பது பேர்தான் வர முடிந்தது. அதனால் என்ன, மற்ற நாற்காலியெல்லாம் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களால் நிரம்பிவிட்டது. எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை, எல்லோரும் புதுத் தொப்பி போட்டிருந்தார்கள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அதிகாரி வரும்போது நாற்காலி காலியாக இருந்தால் எனக்கு உயிரே போய்விடும்.

கிளம்புகிற அன்று காலை கோமளம் என் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இதோ பாருங்க. போனதும் மொதல்ல வேணாம்னு சொல்லிடுங்க. வணக்கம், நன்றியெல்லாம் அப்புறமா வச்சுக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோமளம், நெஞ்சில் என்ன இருக்கிறதோ அதை எடுத்ததும் கொட்டுவது மனு இல்லை, வாந்தி" என்றேன்.

"மூச்சு விடமுடியாம தவிக்கிறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அவள் வீட்டில் இருப்பவள், அவளுக்கு முறை தெரியாது. ஆனாலும் அழைத்துப் போனேன். தலைவர் மனைவி இல்லையா? வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கற்கண்டு கொடுத்து வரவேற்க ஒரு சுமங்கலி வேண்டும் என்று நிர்மல் கேட்டிருந்தான். அவள் மாட்டேன் என்றாள். "எதுக்குங்க, உலைய வைக்க வர்றவங்களுக்கு நான் சந்தனம் குடுக்கணுமா?" நான் சொன்னேன், வீட்டுக்கு வந்த எதிரிக்கும் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். அது நம் வீடு இல்லை, கல்யாண மண்டபம் என்றாள். கடைசியில் தட்டைப் பிடித்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலைமை தாங்க வந்த அதிகாரி அம்மாவுக்குச் சந்தனம் கொடுத்தபோது ஒரு போட்டோ எடுத்தார்கள். அவள் சிரித்த மாதிரி விழுந்திருக்கிறது. உண்மையில் இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

நான் அதிகாரி அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அடுத்து பொறியாளர், அடுத்து கம்பெனி மேலாளர். வரிசை தப்பவில்லை.

அம்மா மைக்கில் சொன்னார்: "ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம். கருத்தை நேரடியா சொல்லுங்க." முதல் பெயர் என்னுடையது. நிர்மல் எழுதிக் கொடுத்த வரிசையில் என் பெயருக்கு எதிரே 'வரவேற்புரை' என்று போட்டிருந்தது. எவ்வளவு பெரிய கௌரவம் பாருங்கள், ஆட்சேபம் சொல்ல வந்தவனுக்கு வரவேற்புரை.

அந்தப் பேச்சை இரண்டு வாரம் தயார் செய்திருந்தேன் சார். "பெருமதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய" என்று அதிகாரி அம்மாவில் தொடங்கினேன். பிறகு பொறியாளர் அவர்களே, வட்டாட்சியர் அவர்களே, காவல் ஆய்வாளர் அவர்களே, கம்பெனி மேலாளர் அவர்களே, மண்டபம் தந்து உதவிய அன்பர் அவர்களே, பத்திரிகை நண்பர்களே, தாய்மார்களே. யாரையும் விடவில்லை. ஒருவரை விட்டாலும் மனசில் வைத்துக்கொள்வார்கள். ஓடந்தாங்கல் மக்கள் சார்பாக வருக வருக என்று வரவேற்றேன். இவ்வளவு பெரிய திட்டத்தை எங்களைப்போன்ற சிறிய ஊருக்குக் கொண்டுவர நினைத்த பெருந்தன்மைக்கு நன்றி சொன்னேன். நாடு முன்னேறத் திட்டங்கள் தேவை என்றேன். இதெல்லாம் தரையைக் கூட்டுவது மாதிரி. கூட்டி முடித்த பிறகுதானே கோலம்? அடுத்து 'ஆனால்' என்று தொடங்கவேண்டும். தாங்கல், மாடு, குப்பைமேடு, கோமளம், எல்லாம் அதற்கு அப்புறம்தான். வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

மணி அடித்த பிறகு பேசுவது அழகில்லை. கைகூப்பினேன்.

பின்வரிசையில் பெண்கள் பக்கத்திலிருந்து கோமளத்தின் குரல் வந்தது. "இன்னும் வேணாம்னே சொல்லலியே! சொல்லுங்க!" அவ்வளவுதான் அவளால் முடிந்தது, இருமல் வந்துவிட்டது. உட்கார் என்று கையைக் காட்டினேன். நல்லவேளை, அவள் பக்கத்தில் மைக் இல்லை, எதுவும் பதிவாகவில்லை.

அந்த அதிகாரி அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். நல்ல குடும்பத்துப் பெண். என்னைப் பார்த்து, "தலைவர் ஐயா, திட்டத்தைப் பத்தி உங்க கருத்தைச் சொல்லலியே? இன்னும் ஏதாவது சொல்லணும்னா ஒரு நிமிஷம் எடுத்துக்குங்க" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் நெகிழ்ந்துபோய்விட்டேன். "போதும் அம்மா, நன்றி" என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? விருந்துக்குப் போகிற இடத்தில், இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா என்று கேட்பார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? போதும் என்றுதானே? கேட்பது அவர்கள் பண்பு, போதும் என்பது நம் பண்பு. பசிக்கிறது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஆட்கள் நாற்பது பேரும் கட்டுப்பாடாக உட்கார்ந்திருந்தார்கள். கஜபதி மட்டும் நெளிந்தான். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டான். கற்பூரத்தில் அடித்த சத்தியம்.

அப்போது வந்தாள் சார், அஞ்சலாட்சி. புறம்போக்கில் ஏழெட்டு எருமை மேய்ப்பவள். பால் சுத்தமாக இருக்கும், அதைச் சொல்லவேண்டும். வாய் அப்படியில்லை. இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, சாணிக் காலோடு, அந்தச் சிவப்புக் கம்பளத்தின் மேல் நடந்து வந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். வணக்கம் இல்லை. அவர்களே இல்லை. எடுத்த எடுப்பில், "ஏம்மா" என்றாள். அதிகாரியைப் பார்த்து, ஏம்மா.

"ஏம்மா, இந்த ஒலைய நந்தவனம் நகராண்ட வெக்கிறதா இருந்தீங்களாமே. அவங்க வாணாம்னு கத்தினதும் இங்க கொண்டாந்துட்டீங்க. அவங்க மூக்கு மூக்கு, எங்க மூக்கு என்னா முருங்கக்காயா?"

தொப்பி போட்ட ஆட்களே சிரித்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. "ஊரு பொணத்த எங்களாண்ட எரிக்கிறீங்க. ஊரு குப்பைய எங்களாண்ட கொட்டுறீங்க. சாராயக்கடை எங்கயும் வெக்க முடியலன்னு எங்களாண்ட வெச்சீங்க. இப்ப குப்பைய எரிக்கிற ஒலையும் எங்களுக்கேன்னா, மிச்ச ஊருல இன்னாதான் வெச்சுக்கப் போறீங்க? மாடு எங்கப்பா மேயும்? அந்தக் கோமளம்மா இழுத்து இழுத்து மூச்சு வுடுது, அதுக்கு எவன் பதில் சொல்லுவான்? வாணாம். எழுதிக்கோ, வாணாம்."

எழுதிக்கோ! ஒருமையில்! எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஏசி மண்டபத்தில். அதிகாரி அம்மா குனிந்து ஏதோ எழுதினார். முகத்தைப் பார்த்தேன். நான் குளிரவைத்த மனசு சூடாகிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அனுபவம் சார். கோமளம் பின்னால் கை தட்டினாள். அவள் ஒருத்திதான் தட்டினாள்.

அஞ்சலாட்சி பேசிவிட்டு, எருமை ஏரியில் நிற்கிறது என்று கிளம்பிப் போய்விட்டாள். அப்புறம் தொப்பிக்காரர்கள் பதினைந்து, இருபது பேர் பேசினார்கள். வேலை கிடைக்கும், ஊர் வளரும் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

கடைசியில் நடந்ததையெல்லாம் சுருக்கமாக எழுதிக் கூட்டத்தில் படித்துக் காட்டுவது வழக்கம். தப்பு இருந்தால் எழுந்து சொல்லலாம். நான் அப்போது மண்டபத்துக்கு வெளியே, அதிகாரி அம்மாவின் கார் கதவுக்குப் பக்கத்தில் இளநீரோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கார் கதவைப் பார்த்தால் என் கால் தானாக அங்கே போய் நின்றுவிடும். உள்ளே படித்தார்களாம்: "ஓடந்தாங்கல் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் திட்டத்தை வரவேற்று, நன்றி தெரிவித்தார். மேலும் கருத்து ஏதும் இல்லை எனத் தெரிவித்தார். ஒரு பெண்மணி ஆட்சேபம் தெரிவித்தார்." எங்கள் ஆட்கள் என்னைத் தேடியிருக்கிறார்கள். நான் இல்லை. யாரும் எழுந்து பேசவில்லை. தலைவர்தான் பேசவேண்டும் என்று சத்தியம் செய்தவர்கள் எப்படிப் பேசுவார்கள்? கோமளம் எழுந்திருக்கிறாள். அதற்குள் தேசிய கீதம் போட்டுவிட்டார்கள்.

வாசலில் கஜபதி என் சட்டையைப் பிடித்தான். "யோவ், நீ என்னாத்துக்குய்யா போன? வரவேற்கவா போன? எங்க வாயையும் கட்டிட்டு, உன் வாயில கல்கண்டப் போட்டுக்கினியே!" வயதில் என் மகன் மாதிரி. கோமளம் வந்து அவன் கையை விலக்கினாள். "வுடு கஜபதி. அவர் வேலைய அவர் செஞ்சாரு" என்றாள். அவள் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் சார், அன்றைக்கும் என் பக்கம்தான் பேசினாள்.

கம்பெனி அறிக்கை பிறகு புத்தகமாக வந்தது. நிர்மல் எனக்கு ஒரு பிரதி கொடுத்தான். வழுவழு தாள். அதில் கோமளம் சந்தனத் தட்டோடு நிற்கிற படம் பாதிப் பக்கத்துக்கு, கலரில். கீழே, "திட்டத்தை ஆர்வத்துடன் வரவேற்கும் உள்ளூர்ப் பெண்கள்." நன்றாக விழுந்திருக்கிறது. அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் புடவை கலர் சரியா வரல" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. ஊரில் என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு அஞ்சலாட்சியை உட்காரவைத்தார்கள். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது, கைநாட்டு. நடுவில் கொரோனா வந்து வேலை நின்றது. அது போனதும் இரண்டு மடங்கு வேகம். மேய்க்காலைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். அஞ்சலாட்சி எருமைகளை விற்றுவிட்டாள். கோர்ட்டுக்குப் போனாள், வழக்கு நடக்கிறது. அங்கேயும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது என் பேச்சைத்தானாம். வார்த்தைக்கு வார்த்தை பதிவாகியிருக்கிறது. அவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறேன்.

நான் இன்றைக்கும் சொல்வேன், அவள் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் திட்டம் நின்றிருக்கும். நான் சொல்லாமல் விட்டதை அதிகாரி அம்மா புரிந்துகொண்டிருப்பார்.

உலையில் முதல் தீ வைத்தது 2022 செப்டம்பர் 14. திறப்பு விழாவுக்கு ஊரிலிருந்து எனக்கு மட்டும் அழைப்பு. வரவேற்புரை என்னுடையது. அன்றைக்கு மணியெல்லாம் வைக்கவில்லை, முழுசாகப் பேசினேன். இல்லை சார், ஆட்சேபம் சொல்லவில்லை. திறப்பு விழாவில் அதைச் சொன்னால் பொருத்தமாக இருக்குமா?

பத்து நாளில் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். கோமளத்துக்கு உட்கார்ந்தபடிதான் தூக்கம். டாக்டர் அம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "நான் ஏற்கெனவே சொல்லிட்டேனே" என்றார். அக்டோபர் 3 அன்று கோமளத்தின் தங்கை வந்து அழைத்துப் போனாள். கஜபதிதான் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டான். என்னை ஏறச் சொல்லவில்லை.

நானும் போளூருக்கே போய்விடலாமே என்கிறீர்கள். மைத்துனி வீட்டில் போய் உட்காருவது மரியாதையா? அதுவுமில்லாமல் நான் மனு கொடுத்திருக்கிறேன். புகைபோக்கியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் நன்றாக இருக்கும் என்று, நோகாமல் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் மனு நாளுக்குப் போகிறேன். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் நிற்கிறார்கள், அவர்களை முன்னால் விட்டுவிடுகிறேன். என் முறை வருவதற்குள் அதிகாரி எழுந்துவிடுகிறார். ஒருநாள் வரும்.

அப்படி வரிசையில் நின்றபோதுதான் போளூரிலிருந்து போன் வந்தது. கோமளமே பேசினாள். மூச்சு வாங்கவில்லை, குரல் நன்றாக இருந்தது. "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், படிச்சு சொல்லுங்க" என்றாள். வந்தது. படித்துச் சொன்னேன். எதற்கு என்று கேட்டேன். இங்கே அரிசி வாங்க வசதியாக இருக்கும் என்றாள்.

2023 ஜூன் 19, திங்கட்கிழமை, எங்கள் ரேஷன் கார்டிலிருந்து கோமளத்தின் பெயர் நீக்கப்பட்டு, அவள் தங்கையின் கார்டில் சேர்க்கப்பட்டது.